இருபத்தொரு மணித்தியாலமும் பத்து நிமிடமும்

உ
கண்ணகை அம்மாள் துணை

பனிச்சங்கேணி,
28 மார்கழி 2009, திங்கட்கிழமை.

என் அன்பு மகள் அஜந்தாவுக்கு,

அம்மா எழுதுவது. அம்மாளின் காவலில் இங்கே எல்லோரும் சுகம். அங்கே நீயும் மருமகன் ரதீசும் உன் வயிற்றில் இருக்கிற என் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். முதலில் உன் கடிதத்தை வாசித்தபோது யார் யார் இருந்தார்கள் என்பதை எழுதிவிடுகிறேன், பிறகு ஒருத்தரும் எனக்குத் தெரியாது, என்னிடம் கேட்கவில்லை என்று சொல்லக்கூடாது. வந்தது வியாழக்கிழமை. நான் உடைக்காமல் வைத்திருந்து சனிக்கிழமை, சுனாமியில் போனவர்களுக்குக் கடற்கரையில் விளக்கேற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்து கால் கழுவிய பிறகுதான் உடைத்தேன். இருந்தவர்கள்: நான், உன் அப்பா, உன் அக்கா கேதீஸ்வரி, என் அண்ணன் வெள்ளைப்போடி மாமா. நாலு பேர். அத்தான் வாவிக்கு இறாலுக்குப் போயிருந்தார், அவர் இல்லை. வாசலில் நாய் படுத்திருந்தது, அது கணக்கில் இல்லை. நான்தான் உரத்து வாசித்தேன். நீ மூன்று தரம் கோடிழுத்து எழுதியிருந்த இடத்தையும் மூன்று தரம் வாசித்தேன். “அம்மா வரவேண்டாம். பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு மேல. ஒரு நாள் முழுக்கப் பிரயாணம். முழங்காலோட ஏலாது. இஞ்ச குளிர். பாசையும் தெரியாது. ஆஸ்பத்திரியில எல்லாம் பாத்துக்கொள்ளுவாங்க” என்று நீ எழுதியிருக்கிறாய்.

மகள், நான் வருகிறேன். இங்கிலீசுக் கலண்டர்படி மாசி மூன்றாம் திகதி புதன்கிழமை. இதை முதலிலேயே எழுதிவிட்டால் மிச்சத்தை நீ ஆறுதலாக வாசிக்கலாம். போனில் சொல்லியிருக்கலாம், வீட்டுக்கு ஒரு கைப்போன் வந்து ஒன்றரை வருசமாகிறது. ஆனால் போனில் சொன்னால் நீ இடையில் புகுந்து அழுவாய், உன் அழுகையைக் கேட்டால் எனக்குக் கணக்குப் பிழைத்துப்போகும். கடிதத்தில் ஒருத்தரும் இடையில் புக முடியாது.

ஐப்பசியில் மாமாவுக்குக் கண் காட்டக் கொழும்புக்குப் போனோம் என்று சொன்னேனே, அது பொய். மாமாவின் கண் நல்லாய்த்தான் இருக்கிறது, ஆகாதவர்களை அவருக்கு ஒரு மைல் தூரத்திலேயே தெரியும். நானும் அக்காவும் பாஸ்போட்டுக்குத்தான் போனோம், வீட்டில் என் முழங்கால் காட்ட என்று சொல்லிவிட்டு. அம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் பொய் சொன்னேன், ஆனபடியால் அதில் குற்றமில்லை. அழைப்புக் கடிதமும் மற்றக் கடதாசிகளும் அனுப்பியது மருமகன். அவரைத் திட்டாதே. அவரிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தம்பி, எங்கட பக்கத்தில தலைப்பிள்ளை தாய் வீட்டிலதான் பிறக்கிறது, வீட்டைத் தூக்கிக்கொண்டு வரேலாது, நான் வரட்டா என்று. அவர், “வாங்க மாமி, நான் அவளிட்டச் சொல்லமாட்டன்” என்றார். நல்ல பிள்ளை. இவ்வளவு நாளும் வாய் திறக்கவில்லை என்றால் பார்.

இனி உன் பதினாலாயிரம் கிலோமீற்றருக்கு வருகிறேன். நீ சும்மா வாய்க்கு வந்ததை எழுதியிருக்கிறாய் என்று நினைத்து நான் விசாரித்தேன். ஏறாவூர் முகைதீன்பாவா காக்காவை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்பாவிடம் இறால் எடுக்க வருகிறவர். அவருடைய மகன் ஹலீம் இப்போது வாழைச்சேனையில் கொம்பியூட்டர் கடை போட்டிருக்கிறான், ரிக்கற்றும் அவன்தான் எடுத்துத் தந்தான். அவன் கணக்கை அச்சடித்துத் தந்தான், நான் கொப்பியில் திரும்ப எழுதிக் கூட்டிப் பார்த்தேன். கட்டுநாயக்காவிலிருந்து டுபாய்க்கு இரண்டாயிரத்து நாற்பது மைல், நாலே முக்கால் மணித்தியாலம். டுபாயில் இருக்க வேண்டியது இரண்டு மணித்தியாலமும் இருபத்தைந்து நிமிடமும். அங்கிருந்து டொரொன்டோவுக்கு ஆறாயிரத்து எண்ணூற்று எண்பது மைல், பதினாலு மணித்தியாலம். எல்லாமாக எண்ணாயிரத்துத் தொளாயிரத்து இருபது மைல், இருபத்தொரு மணித்தியாலமும் பத்து நிமிடமும். நாழிகையில் பார்த்தால் ஐம்பத்து மூன்றுக்குக் கொஞ்சம் குறையும். நீ எழுதியது சரிதான். நான் பிழை என்று சொல்லவில்லை. பெரிய தூரம் என்று நீ சொல்வதைத்தான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

ஹலீம் தந்த படத்தில் பிளேன் போகிற கோடு மேலே மேலே வளைந்து பனிக்கட்டித் தேசத்தைத் தொட்டுவிட்டு இறங்குகிறது. ஏன் தம்பி சுத்திப் போறான், எங்கட பஸ்ஸைப் போல ஆள் ஏத்தவோ என்று கேட்டேன். “அக்கா, பிளேன் நேராத்தான் போகுது, படந்தான் தட்டை” என்றான். எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு பூசணிக்காயை எடுத்துக் கரியால் இலங்கையையும் டுபாயையும் உன் ஊரையும் குறித்து, ஊசி குத்தி நூலை இறுக்கிப் பிடித்துப் பார்த்தேன். நூல் தன்பாட்டில் மேலே ஏறிப் போகிறது, அதுதான் கிட்டின வழி! அப்பா வந்து பார்த்துவிட்டு ஆருக்குச் செய்வினை செய்கிறாய் என்று கேட்டார். அன்று பின்னேரம் அந்த உலகத்தை வெட்டிக் கறி வைத்தோம். உன் ஊர் இருந்த துண்டு அப்பாவின் சோற்றுக் கோப்பையில்தான் விழுந்தது. உப்புக் காணாது என்றார்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். நான் வாசித்து முடித்து, மருமகன் அனுப்பிய கடதாசிகளையும் ரிக்கற்றையும் அலுமாரியிலிருந்து எடுத்து மேசையில் வைத்தேன். அப்பாவுக்கு அதுவரைக்கும் தெரியாது, மாமாவுக்கும் தெரியாது. மாமா எழும்பி நின்றுவிட்டார். “என்னகா பூரணி இது! கொழும்புக்கு ஒருக்காப் போய் வந்து மூணு நாள் கால் வீங்கிக் கிடந்த நீ கனடாவுக்குப் போகப் போறியா? பிளேன் எண்டாச் சந்திவெளி பஸ் எண்டு நினைச்சியா, முழங்கால் நோகுது நிப்பாட்டுங்க எண்டு மணியடிக்க? வெள்ளைக்காரன் ஒண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுவாய்?” என்று பொரிந்து தள்ளினார். தாய்மாமன் சொல்லுக்கு எங்கள் குடியில் மறுசொல் இல்லை என்பது உனக்குத் தெரியும், உன் கலியாணத்துக்கும் அவர் தலையாட்டிய பிறகுதான் நாள் வைத்தோம். அப்பா ரிக்கற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நீ போனா எனக்கு ஆரு தேத்தண்ணி வைச்சித் தாற?” என்றார். அவருடைய கவலை அது. அக்கா அடுப்படியிலிருந்து, “ஒங்களுக்குக் கை இல்லையா அப்பா? தோணி வலிக்கிற கைதானே, கேத்திலைத் தூக்கேலாதா?” என்று கேட்டாள். மாமா அவளைப் பார்த்து நீ வாயை மூடு என்றார். அப்போதுதான் அவள் வெளியே வந்து சொன்னாள். அவள் சொன்னதை எழுதுவதற்கு முன் உனக்கு நான் மூன்று வருசமாக மறைத்த ஒன்றை எழுத வேண்டும். மறைத்தது நான்தான், அக்கா அல்ல.

அதற்கும் முன்னால் ஒரு பிழை இருக்கிறது, அதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். நீ 2006 ஆனியில் லண்டன் வழியாகப் போனாய். உன் ரிக்கற்றை நான் என் கொப்பியில் பார்த்தெழுதி வைத்திருந்தேன், கட்டுநாயக்காவில் விடியப்புறம் மூன்றே கால், டொரொன்டோவில் பின்னேரம் நாலே முக்கால். கழித்துப் பார்த்தால் பதின்மூன்றரை மணித்தியாலம். நீ ஆகாயத்தில் இருக்கிற நேரம் முழுக்கப் பச்சைத் தண்ணீரும் பல்லில் படாமல் இருப்பேன், அம்மாளுக்கு வைத்த விளக்கு அணைய விடமாட்டேன் என்று நேர்ந்திருந்தேன். இருந்தேன். சரியாக நாலே முக்காலுக்குத் திருநீறு பூசி, என் பிள்ளை இறங்கிவிட்டாள் என்று அப்பாவுக்குச் சொல்லி, ஒரு செம்பு தண்ணீரும் குடித்துச் சோறும் தின்று, விளக்கை அதன் பாட்டில் விட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். இரண்டு கிழமை கழித்து உன் முதற் கடிதம் வந்தது, இருபத்து மூன்று மணித்தியாலம் வந்தேன் அம்மா, கால் மரத்துப்போனது என்று எழுதியிருந்தாய். உங்கள் ஊர் மணிக்கூடு எங்கள் ஊர் மணிக்கூட்டுக்கு ஒன்பதரை மணித்தியாலம் பிந்தி ஓடுகிறது என்று எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரவில்லை. வாசிப்பும் கணக்கும் பஞ்சாங்கத்தைப் பார்த்து நானாகப் படித்தவள், பஞ்சாங்கத்தில் டொரொன்டோ இல்லை. நான் சோறு தின்னும்போது நீ இன்னும் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்திருக்கிறாய்.

கோயிலுக்கு ஓடிப்போய்க் கப்புகனாரிடம் சொன்னேன். அவர் பூசை முடித்து வந்து கேட்டுவிட்டு, “அம்மாளுக்கு மணிக்கூடு இல்லகா, போய் வேலையைப் பாரு” என்று சிரித்தார். அம்மாளுக்கு இல்லாவிட்டாலும் எனக்கு இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமை விட்டுப்போன ஒன்பதரை மணித்தியாலத்தையும் இருந்து முடித்தேன். ஆனாலும் மனதில் ஒரு முள் இருந்தது.

பிறகு கார்த்திகை வந்தது. ஒன்றுவிட்ட ஞாயிறுகளில் காலை பத்து மணிக்கு நீ வாழைச்சேனைக் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுப்பாய், நான் போய்க் காத்திருப்பேன். வீட்டிலிருந்து பதினைந்து மைல். கார்த்திகை பன்னிரண்டாம் திகதியும் அப்படித்தான் போனேன். அக்காவுக்கு எட்டு மாதம், நீங்க போங்க அம்மா, தங்கச்சி காத்துக்கிட்டு இருப்பாள், பின்னேரத்துக்குள்ள வந்திருவீங்கதானே என்று அவள்தான் அனுப்பினாள். நீ பத்தொன்பது நிமிடம் பேசினாய், முதற் பனியைப் பற்றிச் சொன்னாய். நான் திரும்பி வரும்போது சண்டையென்று பாதையை மூடிவிட்டார்கள். அந்தப் பக்கம் செல் குண்டு விழத் தொடங்கிவிட்டது. ஒவ்வொரு நாளும் காலையில் சோதனைச்சாவடிக்குப் போவேன், இண்டைக்கு இல்ல, நாளைக்கு வா என்பார்கள். நாளைக்கும் போவேன். கொப்பியில் ஒவ்வொரு கோடு போட்டேன். நாற்பத்தொரு கோடு.

நாற்பத்தோராம் நாள் காட்டு வழியால் சனம் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட முகாமில் ஒரு வேப்பமரத்தின் கீழே அக்கா காலை நீட்டிக்கொண்டு இருந்தாள். வயிறு இல்லை. அத்தான் என்னைக் கண்டதும் எழும்பி அங்கால் போய்விட்டார். நடந்ததை அவள் பிறகுதான் சொன்னாள். பத்தொன்பதாம் நாள் காட்டோரத்தில், முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் பிடிக்க, பெண்பிள்ளை. விடிந்ததிலிருந்து உச்சிவரை இருந்தது. தாய் பக்கத்தில் இருக்கவில்லை. உனக்கு நான் எழுதியபோது பிள்ளை தங்கவில்லை என்று மட்டும் எழுதினேன், நான் பக்கத்தில் இருந்தேன் என்று நீ நினைக்கும்படி எழுதினேன். உண்மையை எழுதியிருந்தால் நீ உன்னுடைய போனால்தான் என்று நினைத்து அதன் பிறகு எடுக்கவே மாட்டாய், எனக்கு உன்னைத் தெரியும். உன்னுடைய போனால் அல்ல. இதை நல்லாய்க் கேள், உன்னுடைய போனால் அல்ல. அந்த மரத்தின் கீழே அக்கா என்னிடம் முதலில் கேட்டது என்ன தெரியுமா? “தங்கச்சி போன் எடுத்தாளா அம்மா?” என்றுதான் கேட்டாள். எடுத்தாள், நல்லாயிருக்கிறாள் என்றேன். அதைக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

அந்த ஒன்பதரை மணித்தியாலத்துக்காகத்தான் அம்மாள் அக்காவின் பிள்ளையை எடுத்தாளோ என்று ஒரு வருசம் நான் நினைத்ததுண்டு. இப்போது நினைக்கவில்லை. பாதையை மூடியது அம்மாள் அல்ல, செல் அடித்ததும் அம்மாள் அல்ல. மனிசர் செய்ததை அவளுடைய தலையில் கட்ட நான் சம்மதிக்கமாட்டேன். அவளும் பிள்ளைத்தாய்ச்சிகளோடு அந்தக் காட்டில் நடந்திருப்பாள் என்பதுதான் என் எண்ணம்.

இனி அக்கா சனிக்கிழமை மாமாவிடம் சொன்னதை எழுதுகிறேன், அவள் குரல் உயரவில்லை: “மாமா, அண்டைக்கு எனக்குப் பதினைஞ்சு மைல் வரேலாமப் போன மனிசி இது. இண்டைக்குத் தங்கச்சிக்குப் பறந்து போறன் எண்டு நிக்கிது. விடுங்க.” அவ்வளவுதான். மாமா தோளில் இருந்த துவாயை எடுத்து உதறி மறுபடியும் போட்டுக்கொண்டு போய்விட்டார். அப்பா தானே போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார். சீனி கூடிவிட்டது, ஆனாலும் நாங்கள் குடித்தோம்.

நான் அந்தக் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். உன் ஊருக்கு வருகிற பிளேன் மணித்தியாலத்துக்கு ஐந்நூறு மைலுக்குக் கிட்ட ஓடுமாம். எனக்கு நாற்பத்தொரு நாள் எடுத்த அந்தப் பதினைந்து மைலை அது இரண்டு நிமிடத்துக்குள் தாண்டிவிடும். இப்போது சண்டை முடிந்து பஸ் ஓடுகிறது, பாலத்தில் வேலை நடக்கிறதால் மெதுவாகத்தான் போவான், அப்படியிருந்தும் ஐம்பது நிமிடம். அதே பாதைதான், ஒரு முழமும் கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆகையால் எனக்கு இனித் தூரம் என்று ஒருத்தரும் மைலைச் சொல்லிக் காட்டக்கூடாது, நீயும்தான். பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா, அது ஒன்றுதான் என்னிடம் கேள்வி. திறந்திருக்கிறது, விசாவும் குத்தியிருக்கிறது. திறந்திருக்கிற பாதையில் போகாமல் வீட்டில் இருந்தால் என்னை என்ன தாய் என்று சொல்வது?

முழங்காலைப் பற்றி எழுதியிருந்தாய். அது எப்படி நொந்தது என்று மறந்துவிட்டாயா? சுனாமியன்று கடற்கரைப் பக்கத்து அந்தப் பழைய வீட்டிலிருந்து மேட்டுக்கு அரை மைல், என் கையைப் பிடித்து நீ இழுத்துக்கொண்டு ஓடினாய். நான் வேலிக்கட்டையில் அடிபட்டு விழுந்து, என்னை விட்டிட்டுப் போ மகள் என்றேன். நீ கேட்டாயா? அம்மா முழங்கால் நோகுதா என்றாவது கேட்டாயா? வாயை மூடிக்கிட்டு வாங்க என்று சொல்லித் தரதரவென்று இழுத்தாய். கடல் எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது, அரை மைலுக்குப் பத்து நிமிடமும் எடுத்திருக்காது. வெள்ளம் வடிந்த பிறகு நிவாரணத்தில் தந்த கொப்பியில் நான் எழுதிய முதல் வரி அதுதான், இன்னும் இருக்கிறது. அன்று உனக்குப் பொருட்டில்லாத முழங்கால் இன்று எனக்கும் பொருட்டில்லை.

குளிர் என்றாய். மார்கழி மழையில் முகாமில் தறப்பாளின் கீழே கிடந்தவளுக்குக் குளிரைச் சொல்லாதே. மருமகன் சப்பாத்தும் தடித்த சட்டையும் கட்டுநாயக்காவுக்கே ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறாராம். பாசை தெரியாது என்றாய். இலக்கங்கள் எல்லாப் பாசையிலும் ஒன்றுதான், வாசல் இலக்கமும் நேரமும் எனக்கு வாசிக்க ஏலும். உன் பெயரையும் விலாசத்தையும் இங்கிலீசில் எழுதப் பழகிவிட்டேன், ஒவ்வொரு நாளும் இருபது தரம் எழுதுகிறேன். வெள்ளைக்காரன் என்ன கேட்டாலும் உன் பெயரைக் காட்டி, பிறகு என் வயிற்றைத் தொட்டுக் காட்டுவேன். அவனும் ஒருத்தி பெற்றவன்தானே, விளங்கும்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் இருக்கிறது என்றாயே, அது இருக்கட்டும், நான் அவர்களோடு போட்டிக்கு வரவில்லை. அவர்கள் தருவதைத் தரட்டும். நான் சரக்கு இடித்து வைத்திருக்கிறேன், வேர்க்கொம்பு, மிளகு, திப்பிலி, மல்லி, மஞ்சள், எல்லாம் வெயிலில் காயவைத்து இடித்து அரித்துப் போத்தலில் அடைத்து, மேலே இங்கிலீசில் பெயரும் ஹலீமைக் கொண்டு எழுதுவித்துவிட்டேன். பிள்ளை பெற்ற உடம்புக்கு முப்பத்தொரு நாள் நான் காய்ச்சித் தருவதைக் குடிக்க வேண்டும், அதில் பேச்சில்லை. அதற்குள் நீ பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, கனம் தூக்காதே, பனியில் இறங்காதே. வளைகாப்பு அங்கே யாரும் செய்தார்களா என்று எழுதவில்லை, அதையும் எழுது.

நேற்று ஞாயிறு காலையில் மாமா வந்தார். ஒரு நீலப் பெட்டியைக் கொண்டு வந்து முற்றத்தில் வைத்து, “சில்லு இரிக்கி, இழுத்துக்கிட்டுப் போகலாம். எவ்வளவு விடுவான்?” என்று என்னைப் பார்க்காமல் கேட்டார். முப்பது கிலோ என்றேன். வயல் வட்டையில் நெல்லு நிறுக்கிற தராசைக் கொண்டு வந்து முருங்கையில் கட்டி, நான் சாமான் அடுக்கிய பெட்டியைக் கொழுவி நிறுத்தார். முப்பத்து நாலு. மேலே இருந்த ஒடியலையும் கருவாட்டையும் அவரே எடுத்துப் போட்டார், கருவாட்டைப் போடும்போது பெருமூச்சு விட்டார். இப்போது இருபத்தொன்பதரை. கொப்பு முறிந்துவிட்டது, பரவாயில்லை.

இனி முக்கியமானது, இதைக் கவனமாக வாசி. புதன்கிழமை எங்கள் நேரம் இரவு பத்துக்குப் பத்து நிமிடம் இருக்கப் பிளேன் ஏறும். வியாழக்கிழமை உங்கள் நேரம் காலை எட்டரைக்கு இறங்கும். கழித்துப் பார்த்தால் பத்து மணித்தியாலமும் நாற்பது நிமிடமும்தான் வரும், அது பொய்க் கணக்கு. மாசியில் உங்கள் மணிக்கூடு பத்தரை மணித்தியாலம் பிந்தி ஓடும், அதைக் கூட்ட வேண்டும். அப்போது எங்கள் நேரம் வியாழன் பின்னேரம் ஏழு மணி. இந்தத் தரம் நான் ஏமாறவில்லை. இருபத்தொரு மணித்தியாலமும் பத்து நிமிடமும் நான் ஆகாயத்திலும் டுபாயிலும் இருப்பேன். எனக்காக விரதம் இருக்கப்போவது அக்கா. நான் சொல்லவில்லை, அவளாகத்தான் சொன்னாள், வேண்டாம் என்றதற்கும் கேட்கவில்லை. பச்சைத் தண்ணீரும் குடிக்காமல் விளக்குக்குப் பக்கத்தில் இருக்கப்போகிறாள். அப்பாவும் ஹலீமும் வான் பிடித்து என்னைக் கட்டுநாயக்காவுக்குக் கொண்டுபோய் விடுவார்கள், அவள் வரமாட்டாள், விளக்கை விட்டு எழும்பமாட்டாளாம். நீ விரதம் இருக்கக்கூடாது. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு விரதமில்லை, இருந்தாய் என்று கேள்விப்பட்டால் அடுத்த பிளேனிலேயே திரும்பி வந்துவிடுவேன்.

விமானநிலையத்துக்கு மருமகன் வரட்டும், நீ பனியில் வழுக்கி விழாமல் வீட்டில் இரு. அவர் என்னைக் கண்டதும் உனக்குச் சொல்வார். நீ உடனே அக்காவுக்கு எடு. அவர் நேரே எடுக்கக்கூடாது, நீதான் எடுக்க வேண்டும். அக்கா என்னைப் போல மணிக்கூட்டைப் பார்த்து விரதம் முடிக்கமாட்டாள், ஏழு மணி ஆகட்டும், பிளேன் பிந்தி எட்டு மணி ஆகட்டும், ஒன்பது ஆகட்டும், அம்மா வந்திட்டா என்று உன் வாயால் கேட்ட பிறகுதான் செம்பைத் தொடுவாள். ஆகையால் நான் வருவது பிடிக்கவில்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு போனை எடுக்காமல் இருந்தாயோ, இங்கே உன் அக்கா தாகத்தோடு இருப்பாள். அவள் உனக்காக ஒரு தரம் என்னை அனுப்பிவிட்டுக் காத்திருந்தவள். இப்போது இரண்டாம் தரமும் அனுப்புகிறாள். இந்தத் தரம் அந்தப் போன் அவளுக்கு வரவேண்டும்.

வீட்டுக் கைப்போன் இலக்கம் உன்னிடம் இருக்கிறது, அதை ஒரு துண்டில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவை. பதிலில் மூன்று விசயம் எழுது: எடுப்பேன் என்று ஒன்று, உன் ரத்த அழுத்தம் என்ன என்று ஒன்று, பிள்ளைக்குச் சீலைத் துண்டு இங்கிருந்து கொண்டுவரட்டா என்று ஒன்று. வரவேண்டாம் என்று எழுதினால் அந்த வரியை நான் உரத்து வாசிக்கமாட்டேன்.

கண்ணகை அம்மாள் உன் வயிற்றையும் வாசலையும் காக்கட்டும். நேரம் வரும்போது பயப்படாதே, பல்லைக் கடிக்காமல் என்னைக் கூப்பிடு, பக்கத்தில் இருப்பேன். மருமகனுக்கும் என் ஆசீர்வாதம். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா,
அ. அன்னப்பூரணி

இந்தக் கடிதம் கிடைத்த அன்றே பதில் எழுதிப் போடு.